சாலும் கரி: 'எவிடன்ஸ் பேஸ்டு பிராக்டிஸ்' என்பதற்குத் தமிழ் எது?

பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்த்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதே 'எவிடன்ஸ் பேஸ்டு பிராக்டிஸ்'. அதை 'ஆதாரம் அடிப்படையிலான பயிற்சி' என்று அச்சில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். ஆதாரம் என்றாலே தாங்குவது, அடித்தளம் என்றுதான் வடமொழியில் பொருள். ஆக, அடிப்படையின் அடிப்படையில் நிற்கிறது அந்தத் தொடர். அடுத்து வரும் 'பயிற்சி' இன்னும் மோசம். மருத்துவர் 'பிராக்டிஸ்' செய்கிறார் என்றால் தொழில் நடத்துகிறார் என்று பொருள். பழகிப் பார்க்கிறார் என்றல்ல. முடங்கிய கைக்கு நிஜமாகவே பயிற்சி கொடுப்பவர்கள் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்). அவர்கள் துறையில் இந்த மொழிபெயர்ப்பு செய்யும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

சொல் பிறந்த இடம் கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். அங்கே மருத்துவர் கார்டன் கையட் தம் கற்பித்தல் முறைக்கு முதலில் 'அறிவியல் மருத்துவம்' என்றுதான் பெயர் வைத்தார். அப்படியானால் நாங்கள் செய்வது அறிவியல் இல்லையா என்று சக மருத்துவர்கள் சீறவே, 'எவிடன்ஸ் பேஸ்டு மெடிசின்' என்று மாற்றிக்கொண்டார். 1991-இல் அச்சேறிய பெயர், 1992-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழின் கட்டுரை வழியாக உலகைச் சுற்றியது. பிறகு செவிலியர், இயன்முறை மருத்துவர் என்று பிற துறையினரும் எடுத்துக்கொள்ள, 'மெடிசின்' போய் 'பிராக்டிஸ்' வந்தது. தொழில்வழிச் சிகிச்சையில் அமெரிக்க வல்லுநர் மார்கோ ஹோம் 2000-இல் ஆற்றிய ஸ்லேகல் நினைவுச் சொற்பொழிவு இதையே புதிய ஆயிரமாண்டின் கட்டளை என்றது.

'எவிடன்ஸ்' லத்தீனில் பார்த்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கண்ணுக்குப் பளிச்செனத் தெரிவது. நம் வழக்கில் உள்ள 'சாட்சி'யும் வடமொழியில் கண்ணோடு தொடர்புடையதே. தமிழின் பழைய சொல் வேறு: கரி. 'இந்திரனே சாலும் கரி' என்கிறது 25-ஆம் குறள். இந்திரனே போதிய சான்று என்பது பொருள். இந்தச் 'சாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிறைதல், போதுமானதாதல் என்று பொருள்படும் 'சால்' என்ற வினையடியோடுதான் சான்று, சான்றோர், சால்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். லத்தீன்காரருக்குத் தெரிந்தால் போதும். நமக்கோ போதுமானதாகவும் இருக்க வேண்டும். இந்தத் துறைக்கு நம் சொல்லே பொருத்தம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஏனென்றால் இங்கே சிக்கலே 'போதுமா' என்பதில்தான். பக்கவாதம் வந்தவரின் மணிக்கட்டு மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டுவிடும். இரவில் அந்தக் கையைப் பலகைபோன்ற ஸ்பிளிண்டில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுவது நெடுநாள் வழக்கம். காலையில் கழற்றும்போது விரல்கள் நீண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிறதே, வேறென்ன வேண்டும்? ஆஸ்திரேலியாவில் நடாஷா லானின் குழுவினர் 63 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு ஸ்பிளிண்ட் கட்டி, சிலருக்குக் கட்டாமல், 4 வாரம் பார்த்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: மணிக்கட்டின் இறுக்கத்தைக் குறைப்பதில் ஸ்பிளிண்டால் பயன் தெரியவில்லை. கண்ட காட்சி சாலவில்லை.

மறுபுறம், நல்ல கைக்கு உறைமாட்டி, நலிந்த கையை வேலை வாங்கும் முறையை 222 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளிவந்தது. அதில் பலன் தெரிந்தது. அதற்காக எல்லோருக்கும் உறைமாட்டிவிட முடியாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒற்றை நலிந்த கையோடு இரண்டு வாரம் இருக்க ஒரு பாட்டி சம்மதிக்க வேண்டும். அவருக்கு வேண்டியது தன் கொண்டையைத் தானே முடிந்துகொள்வதாக இருக்கலாம். கனடாவின் சிகிச்சையாளர் அமைப்புகள் 1999-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, ஆய்வுகளோடு சிகிச்சை பெறுபவர் தரும் தகவல், வல்லுநர் ஒருமித்த கருத்து, முன் அனுபவம் ஆகியவற்றையும் சேர்த்தே எண்ணியது. சான்று என்றதும் ஆய்வுக்கட்டுரையை மட்டும் நினைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

'தொழில்வழி' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலைவாய்ப்புத் துறையோ என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளி இலக்கணத்தில் தொழிற்பெயர் படித்தோமே: உண்ணல், உடுத்தல், குளித்தல். அங்கே தொழில் என்றால் செயல், சம்பளம் இல்லை. இந்தச் சிகிச்சையாளர்கள் நாள்தோறும் மல்லுக்கட்டுவதும் அதே உண்ணலோடும் உடுத்தலோடும்தான். 'செயல்வழிச் சிகிச்சை' என்றாலும் தவறில்லை, ஆனால் பழைய பெயரைக் கைவிட எனக்கு மனமில்லை.

என் பரிந்துரை 'சான்றுசார் நடைமுறை'. '-அடிப்படையிலான' என்ற நீள வாலுக்கு 'சார்' என்ற இரண்டெழுத்து போதும். வாக்கியத்தில் இப்படி வரும்: "இரவில் ஸ்பிளிண்ட் கட்டுவதைச் சான்றுசார் நடைமுறை என்று சொல்ல முடியுமா, டாக்டர்?"