நோட்டை மூடிவிட்டு ஜெர்மன் படியுங்கள்

பதினான்கு ஆண்டுகளாகச் சென்னையில் ஜெர்மன் கற்பித்து வருகிறேன். என்னிடம் படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் செவிலியர்கள். ஜெர்மனியில் அவர்களுடைய தொழிற்படிப்பு அங்கீகரிக்கப்படுவதற்குப் பொதுவாக பி2 நிலைச் சான்றிதழ் (ஏ1 முதல் சி2 வரையான ஆறு மொழித்திறன் நிலைகளில் நான்காவது) தேவைப்படுவதால், இரவுப் பணி முடித்த கையோடு வகுப்புக்கு வந்து அமர்பவர்கள் அவர்கள். அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தம் நோட்டைக் காட்டினார். ஜெர்மனில் பொருள்களின் பெயர்களுக்கும் பால் உண்டு. அந்த நோட்டில் ஆண்பாற் சொற்கள் நீலத்திலும், பெண்பாற் சொற்கள் சிவப்பிலும், இரண்டிலும் சேராதவை பச்சையிலும் அழகாக எழுதப்பட்டிருந்தன. நாள்தோறும் இரண்டு மணி நேரம் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பதாகச் சொன்னார். நோட்டை மூடச் சொல்லி, கரண்டி, முள்கரண்டி, கத்தி ஆகிய மூன்றுக்கும் ஜெர்மன் கேட்டேன். சொற்கள் வந்தன, அவற்றின் முன் நின்று பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் வரவில்லை. டேர் லோஃபல், டீ காபல், டாஸ் மெஸ்ஸர்: ஒரே மேசையில் கிடக்கும் மூன்று பொருள்களுக்கு மூன்று பால். பக்கத்தைத் திறந்ததும், “இது எனக்குத் தெரியுமே மேடம்” என்றார். கண்ணுக்குப் பழகிப்போனதை மனம் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறது. நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது புரட்டிப் பார்க்க நோட்டு இருக்காது.

ஆகவே, படிக்கும் நேரத்தின் பெரும்பகுதியை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதற்கே செலவிடுங்கள். அட்டையின் ஒரு பக்கத்தில் தமிழ், மறுபக்கத்தில் ஜெர்மன் எழுதி, தமிழை மட்டும் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரிசையாகச் சில பெட்டிகள் வைத்து, புதிய அட்டைகளை முதல் பெட்டியில் போடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறியது முதல் பெட்டிக்கே திரும்பும். அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய இந்த முறையில், முதல் பெட்டியை நாள்தோறும் எடுக்கிறோம், அடுத்தடுத்த பெட்டிகளை இடைவெளி கூட்டி எடுக்கிறோம். கற்றது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் எழுதிவைத்தார். மறக்கத் தொடங்கும் வேளையில் முயன்று நினைவுகூர்ந்த சொல் நெடுநாள் நிற்பதை என் வகுப்பில் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அட்டையில் ஆங்கிலம் எழுதாதீர்கள் என்பதை மட்டும் சற்று அழுத்தியே சொல்கிறேன். ‘ஐ ஆம் கோல்ட்’ என்பதிலிருந்து போகிறவர் ‘இஷ் பின் கால்ட்’ என்கிறார். அது, தம்மை ஈரமில்லாத மனம் படைத்தவர் என்று சொல்வதுபோல் ஒலிக்கும். ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதிலிருந்து போகிறவருக்கு ‘மிர் இஸ்ட் கால்ட்’ எளிதில் வருகிறது, ஏனெனில் ‘மிர்’ என்பது நம் ‘எனக்கு’தான். காரணம் சொல்லும் ‘வைல்’ தொடரில் வினை கடைசிக்குப் போவதும் தமிழ்க் காதுக்குப் புதிதன்று. நான்காம் வேற்றுமையைப் பள்ளியிலேயே படித்துவிட்டு, அதையே ஆங்கிலம் வழியாகச் சுற்றிவந்து கற்பானேன்?

அட்டையில் தனிச்சொல்லைவிடச் சிறு வாக்கியமே நல்லது. ஒரு நாளைக்குப் பத்துப் புதிய அட்டைகளுக்கு மேல் வேண்டாம். முப்பது எழுதத் தொடங்கியவர்கள் மூன்றாம் வாரத்தில் பெட்டியையே மூடிவைத்துவிடுகிறார்கள்.

நோட்டைக் காட்டிய அந்த மாணவி, பி2-க்கு முந்தைய நிலையான பி1 தேர்வுக்கு முந்தைய வாரம் பெட்டியோடு வந்தார். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளிலும் தனித்தனியே நூற்றுக்கு 60 எடுத்தாக வேண்டும் என்பதால் பதற்றத்தில் இருந்தார். முதல் பெட்டியில் நாற்பத்தொரு அட்டைகள் மிஞ்சியிருந்தன. அந்த வாரம் அவற்றை மட்டும் படிக்கச் சொல்லி அனுப்பினேன்.