பழைய மீன்வலை மீண்டும் நூலாவது எப்படி?

கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவந்தாலும், மறுசுழற்சி ஆலை அதை அப்படியே வாங்கிக்கொள்ளாது. செவுள் வலையின் கண்ணிகள் பெரும்பாலும் நைலான்-6. கயிறுகள் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். அடியில் ஈயக்குண்டு. இழுவலையோ பெரும்பாலும் பாலிஎத்திலீன். எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினால் கலக்காது; ஆறியதும் ஏடு ஏடாக உரியும்.

ஆகவே முதல் வேலை கத்தியோடு தொடங்குகிறது: கயிற்றை அறுத்து, ஈயத்தை உருவ வேண்டும். எந்த இழை என்று தெரியாவிட்டால் ஒரு துண்டை வெட்டி, சோப்பு ஒரு சொட்டு கலந்த நல்ல தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் (அடர்த்தி 0.95; தண்ணீருக்கு 1) அல்லது பாலிப்ரொப்பிலீன் (0.9). மூழ்கினால் நைலான் (1.14) அல்லது பாலியெஸ்டர் (1.38). மூழ்கியதை, 100 மில்லி தண்ணீரில் 35 கிராம் உப்பு கரைத்து அதில் போடுங்கள். நைலான் மேலே வரும். பாலியெஸ்டர் அடியிலேயே கிடக்கும். சோப்பு எதற்கு? முடிச்சில் ஒட்டிய காற்றுக்குமிழி நைலானையும் மிதக்கவைத்து ஏமாற்றிவிடும். நைலானின் இரு வகைகளான நைலான்-6, நைலான்-66 இரண்டுக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் இந்தச் சோதனை அவற்றைப் பிரிக்காது. உருகுநிலைதான் காட்டிக்கொடுக்கும்: முன்னது சுமார் 220 டிகிரி செல்சியஸ், பின்னது 260.

பிறகு இரண்டு வழி. கழுவி, துண்டாக்கி, உலர்த்தி, உருக்கிக் குருணையாக்குவது எளிது. ஆனால் ஈரம் 0.2 சதவீதத்தைத் தாண்டினால், உருகும் சூட்டில் தண்ணீரே நைலான் சங்கிலிகளை அறுத்துவிடும்; பொருள் நொறுங்கும். மணல் மிச்சமிருந்தால் வெட்டுக்கத்தி மழுங்கும்.

இன்னொன்று வேதிவழி. ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் நைலான்-6ஐ அதன் சங்கிலியைக் கட்டும் அடிப்படை மூலக்கூறான கேப்ரோலாக்டமாகவே உடைத்து, சுத்திகரித்து, மறுபடி நைலானாக்குகிறது. சாயமும் அழுக்கும் வழியிலேயே கழன்றுவிடுவதால், கிடைக்கும் இழை பெட்ரோலியத்திலிருந்து வரும் புது இழைக்கு ஈடானது. நைலான்-66 இதில் உதவாது. அதை உடைத்தால் கேப்ரோலாக்டம் வராது.

கடலடியில் பல ஆண்டு கிடந்த வலையை எடுப்பது அவசியம்தான், ஆனால் ஆலைக்கு அது மோசமான சரக்கு: பாசி, சிப்பி, மணல், இற்றுப்போன இழை. துறைமுகத்திலேயே, மீனவர் கைவிடும் முன்பே வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். சிலியில் 2013இல் தொடங்கிய புரேயோ நிறுவனம் இப்படித்தான் பழைய வலைகளைச் சேர்த்து முதலில் ஸ்கேட்போர்டு செய்தது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எடைக்குக் காசு என்றால் ஈர மணலும் எடையில் சேரும். உலர்த்தி உதறிய பிறகே தராசில் ஏற்றி, கயிறும் ஈயமும் நீக்கிய வலைக்குக் கூடுதல் விலை வைத்தால், பிரிக்கும் வேலையில் பாதி கரையிலேயே முடிந்துவிடும்.