கதவு ஏன் இறங்குகிறது, மழை எப்படி நுழைகிறது: யூபிவிசி ஜன்னலின் கோளாறுகள்

காலையில் ஒரு விரலால் தள்ளினாலே திறக்கிற ஜன்னல் மதியம் மூன்று மணிக்கு முரண்டு பிடிக்கிறது. ராத்திரி மறுபடி ஒழுங்காகிவிடுகிறது. இப்படிப்பட்ட ஜன்னலுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் யூபிவிசி (மென்மையாக்கி சேர்க்காத, விறைப்பான பிவிசி பிளாஸ்டிக்) மீட்டருக்குச் சுமார் 0.07 மி.மீ. நீளும். விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே ஜன்னலின் சூடு 30 டிகிரி ஏறினால், 2 மீட்டர் உயரமுள்ள சட்டம் 4 மி.மீ.க்கு மேல் வளர்ந்துவிடும். அதே சூட்டில் அலுமினியம் 1.4 மி.மீ.யும் எஃகு 0.7 மி.மீ.யும்தான் நீளும்.

சுவரில் நிற்கிற சட்டமும், திறந்து மூடுகிற கதவும் சேர்ந்தே நீள்வதால் சாதாரணமாக இது கண்ணில் படாது. சட்டத்தைச் சுற்றி இடைவெளி விடாமல் சிமென்ட் வைத்து இறுக்கிப் பூசியிருந்தால்தான் வினை. நீள இடமில்லாத சட்டம் நடுவில் வளைந்து புடைக்கும். கதவு அதில் போய் மோதும். நேரான கட்டை ஒன்றைச் சட்டத்தின் மேல் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். கதவின் விளிம்பைத் தேய்த்துக் குறைப்பது இதற்கு மருந்தல்ல. ஓரத்துப் பூச்சைக் கீறி எடுத்துவிட்டு, அழுத்தினால் விட்டுக்கொடுக்கும் ஃபோமை நிரப்பி, வெளிப்பக்கம் சிலிக்கோன் வைத்து அடைக்க வேண்டும். அடர்நிற ஜன்னல் என்றால் இன்னும் கவனம் தேவை. வெயிலில் அதன் சூடு 60 டிகிரியைத் தாண்டக்கூடும். யூபிவிசி இளகத் தொடங்குவதோ 80 டிகிரியை ஒட்டி.

‘பிளாஸ்டிக்தானே, ஆயுள் முடிந்துவிட்டது’ என்று முழு ஜன்னலையும் பெயர்த்து மாற்றுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே கெட்டுப்போயிருப்பது பிளாஸ்டிக் அல்ல. கீல், ரப்பர், ரோலர், பூட்டு, கண்ணாடிக்கு அடியில் சொருகிய சிறு துண்டு என்று கூட இருக்கிற ஏதோ ஒன்றுதான் காலை வாரியிருக்கும். இவை அத்தனையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை.

பக்கவாட்டில் கீல் வைத்த ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். சில வருடங்களில் கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலை சட்டத்தில் உரச ஆரம்பிக்கிறது. கதவு இறங்கிவிட்டது என்கிறோம். ஏன் இறங்குகிறது? ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின் எடை, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 5 மி.மீ. கண்ணாடி இரண்டைச் சேர்த்த இரட்டைக் கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. இதைத் தாங்க வேண்டிய யூபிவிசியோ எஃகைவிட ஏறக்குறைய எழுபது மடங்கு எளிதாக வளையும். அதனால்தான் உள்ளே துத்தநாகம் பூசிய எஃகுத் துண்டைச் சொருகுகிறார்கள். வலுவான காந்தம் ஒன்றை மேலே நகர்த்திப் பார்த்தால் எஃகு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்த எஃகு மூலைக்கு முன்பே நின்றுவிடும். மூலையைப் பிடித்திருப்பது உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் மட்டுமே. ஆகவே நான்கு பக்கமும் சேர்ந்த அந்தச் செவ்வகம் சாயாமல் காப்பது கண்ணாடிதான். இரும்பு கேட்டில் குறுக்கே சாய்வாக ஒரு கம்பி வைப்பார்களே, அந்த வேலையை இங்கே கண்ணாடி பார்க்கிறது.

கண்ணாடி அந்த வேலையைச் செய்ய வேண்டுமானால் அது சரியான இரண்டு மூலைகளில் இறுகியிருக்க வேண்டும். கீல் பக்கத்துக் கீழ் மூலையில் ஒன்று, கைப்பிடிப் பக்கத்து மேல் மூலையில் ஒன்று எனக் கண்ணாடிக்கும் அதைச் சுற்றியுள்ள கதவின் விளிம்புக்கும் நடுவே பேக்கர் எனப்படும் பிளாஸ்டிக் துண்டுகளை வைப்பது இதற்காகத்தான். பொருத்தும்போது இவற்றை விட்டுவிட்டாலோ, பிற்பாடு நகர்ந்துவிட்டாலோ கதவு சாய்சதுரமாகச் சரியும்.

பேக்கரா, கீலா என்று கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். கீல் பக்கக் கீழ் மூலையிலிருந்து கைப்பிடிப் பக்க மேல் மூலைக்குப் போகும் அளவு, மற்றதைவிடக் குறைந்திருந்தால் கதவு சரிந்திருக்கிறது. பேக்கரைச் சரிசெய்ய வேண்டும். இரண்டும் சமமாக இருந்தும் உரசினால் கதவின் வடிவம் பிசகவில்லை; கீல் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் ஸ்க்ரூ இளகியிருக்கிறது.

பேக்கர் வேலைக்குக் கூட ஓர் ஆள் வேண்டும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங்குகளில் நீளமானதை முதலில், அதன் நடுவில் மெல்லிய பட்டி போடும் தகட்டை நுழைத்து நெம்பி எடுங்கள். எது எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். கலந்துவிட்டால் மூலைகள் பொருந்தாமல் பாதி நாள் போய்விடும். பிளாஸ்டிக் நெம்புகோலால் கண்ணாடியை லேசாக நகர்த்தி, மேலே சொன்ன இரண்டு மூலைகளிலும் துண்டுகளைச் சொருகி, கதவு உரசாமல் மூடும்வரை கனத்தைக் கூட்டிக் குறையுங்கள். திரும்ப மாட்டும்போது குட்டையான பீடிங் முதலில். கண்ணாடி விளிம்பில் மட்டும் இரும்பு படக்கூடாது. டஃபன்ட் (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடியாக இருந்தால் விளிம்பில் ஓர் அடி பட்டாலே மொத்தமும் உதிர்ந்துவிடும்.

கீல் தேய்ந்திருந்தால் பழையதைக் கழற்றி அதே நீளம், அதே உயரத்தில் புதியது வாங்கி மாட்டுவதுதான். ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால், மரத்துக்குச் செய்வதுபோல் தீக்குச்சியை உடைத்துச் சொருகிப் பயனில்லை. உள்ளே இருக்கும் எஃகைப் போய்ப் பிடிக்கிற அளவுக்கு நீளமான ஸ்க்ரூதான் நிற்கும்.

ஸ்லைடிங் ஜன்னலில் கதை வேறு. தள்ள முடியவில்லை என்றால் பத்தில் எட்டுக்கு மண்தான் காரணம் என்பது என் கணிப்பு. டிராக்கை வேக்யூமால் உறிஞ்சி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலைகளைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்துவைத்து ரோலரை அரைக்கும் சாந்தாக மாறும். சுத்தம் செய்தும் இழுத்தால், கதவின் பக்கவாட்டில் கீழே ஒரு சிறு துளை இருக்கும். கதவை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பினால் ரோலர் ஏறும், இறங்கும். கதவின் ஓரமும் சட்டமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்வரை திருப்புங்கள்.

மழைத் தண்ணீர் உள்ளே வருவதுதான் அதிகம் குழப்புவது. டிராக்கில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததுமே சிலிக்கோன் குழாயோடு கிளம்பிவிடுகிறோம். யூபிவிசி ஜன்னல் தண்ணீரை முழுக்கத் தடுக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டதே அல்ல. கொஞ்சம் உள்ளே வரட்டும், கீழே இருக்கும் வடிகால் துளைகள் வழியாக வெளியே போகட்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தத் துளைகளைச் சிமென்ட், பெயின்ட், தூசி, சிலந்திக்கூடு எல்லாம் அடைத்துவிடும். போதாக்குறைக்கு ஒழுகுகிறதே என்று அவற்றின் மேலேயே சிலிக்கோன் பூசுபவர்களும் இருக்கிறார்கள். டிராக்கில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி வெளியே போய்ப் பாருங்கள். சொட்டினால் பாதை திறந்திருக்கிறது. இல்லையென்றால் மெல்லிய கம்பியால் குத்திவிட வேண்டும்.

துளை திறந்திருந்தும் புயல் மழையில் தண்ணீர் தேங்கி, குமிழி விட்டுத் தளும்புவதைப் பார்க்கலாம். அங்கே நடப்பது காற்றுக்கும் தண்ணீருக்குமான இழுபறி. மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று சுவரில் மோதும்போது சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் தரும். அது 6 மி.மீ. உயரத் தண்ணீரை வெளியேறவிடாமல் நிறுத்திவைக்கப் போதும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்: 72 கி.மீ. வேகத்தில் 240 பாஸ்கல், 24 மி.மீ. தண்ணீர். டிராக்கின் உள்பக்க விளிம்பு அதைவிட உயரமாக இருந்தால் காற்று தணிந்ததும் தண்ணீர் தானாக இறங்கிவிடும். குட்டையாக இருந்தால் அறைக்குள் வழியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மழை வெளியிலிருந்து வந்தாலும் பழுது பார்க்க வேண்டிய இடம் உள்பக்கம். கதவின் உள்புறத்து மயிர்ப் பட்டையோ ரப்பரோ தேய்ந்திருந்தால், காற்று வடிகால் துளை வழியாக நுழைந்து அறைக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டம்தான் தண்ணீரை வெளியேறவிடாமல் தடுக்கிறது. உள்பக்கத்தை இறுக்கமாக அடைத்தால் காற்று போக வழியின்றி, சட்டத்தின் உள்ளறையிலும் வெளியிலிருக்கும் அதே அழுத்தம் ஏறிவிடும். இருபுறமும் சமமானபின் தண்ணீர் தன் எடையாலேயே இறங்கிப் போகும். ஆகவே பட்டையை மாற்றுங்கள், துளையை விட்டுவிடுங்கள்.

அதற்கு முன், ஒழுகுவது ஜன்னல்தானா, ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கா என்று பார்த்துவிடுவது நல்லது. ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து வந்தால், எந்த உயரத்தில் ஒழுக ஆரம்பிக்கிறதோ அங்கேதான் ஓட்டை. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், ஒன்றும் புரியாது. இடுக்கை அடைக்கும்போது பழைய சிலிக்கோனை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், பழையதன் மேல் புதியது ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கிற வகையைத் தவிர்த்து, நியூட்ரல் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இரட்டைக் கண்ணாடியில் பனி படிந்தால் அது எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. அறைப் பக்கம் படிந்தால் அறையில் ஈரம் அதிகம், காற்றோட்டம் வேண்டும். வெளிப்பக்கம் படிந்தால் அது ஜன்னலின் பழுதல்ல. அறையின் சூடோ குளிர்ச்சியோ கண்ணாடியைத் தாண்டிப் போகும் அளவைப் பொறுத்து இது கூடும் குறையும். துணியால் துடைத்தும் போகாமல் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே படிந்திருந்தால் ஓரத்துப் பசை விட்டுப்போய், நடுச்சட்டத்தில் நிரப்பியிருந்த ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். துளை போட்டு உலர்த்தித் தருவதாகச் சொல்வார்கள். மங்கல் மறையலாம், மூடிய இடைவெளி திரும்ப வராது. கண்ணாடித் தொகுப்பை மட்டும் மாற்றினால் போதும், சட்டத்தைத் தொட வேண்டாம். புதியது போடும் முன் வடிகாலைப் பாருங்கள். தேங்கிய நீரில் நாள்கணக்கில் நின்ற விளிம்புதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

கைப்பிடி இறுகினால் கதவைத் திறந்து வைத்துத் திருப்பிப் பாருங்கள். அப்போது சுலபமாகத் திரும்பினால் பூட்டில் கோளாறில்லை. கதவு இறங்கி, பூட்டின் முளைகள் எதிர்த் தகட்டில் முட்டுகின்றன. பூட்டைக் கழற்றுவது வீண் வேலை. திறந்திருக்கும்போதும் இறுகினால் ஒரு துளி இயந்திர எண்ணெய். வெறுமனே சுற்றினால் உள்ளே இருக்கும் பல்சக்கரப் பெட்டியை மாற்ற வேண்டும். காற்றோ தூசியோ நுழைந்தால், ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் அழுத்தவில்லை. பல பூட்டுகளில் முளை மையம் விலகிய வட்டமாக இருக்கும். ஆலன் கீயால் திருப்பினால் இறுக்கம் கூடும். ரப்பரே தட்டையாகிவிட்டிருந்தால் மாற்றுங்கள், ஆனால் பொருத்தும்போது இழுக்காதீர்கள். இழுத்து வைத்த ரப்பர் சுருங்கி மூலையில் இடைவெளி விடும்.

மஞ்சள் நிறம் பார்வைக்கான குறைதான். புற ஊதாக் கதிர் பட்டால் பிவிசி மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு பிரியும். மிஞ்சும் கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாகி நீல ஒளியை விழுங்குவதால் மஞ்சளாகத் தெரிகிறது. இதைத் தடுக்கத்தான் டைட்டானியம் டை ஆக்சைடைக் கலக்கிறார்கள். நிறமாற்றம் மேல்தோலோடு நிற்கும், மென்மையான தேய்ப்புக் கிரீம் ஓரளவு நீக்கும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம். அவை பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். புது ஜன்னலின் பாதுகாப்புப் பிலிமை உரிக்காமல் மாதக்கணக்கில் விட்டால் பசை வெயிலில் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றி உரிக்கலாம்.

ஒட்ட வைக்க முடியாதது மூலை வெல்டில் ஓடும் விரிசல். பிவிசி பசை கோட்டை மறைக்கும், சுமையைத் தாங்காது. கதவில் விரிசல் என்றால் அந்தக் கதவை மட்டும் அதே புரொஃபைலில், அதாவது அதே குறுக்குவெட்டு வடிவத்தில், செய்யச் சொல்லலாம். சட்டத்தில் என்றால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். புதிதாக அளவெடுக்கும்போது அகலம், உயரம் இரண்டையும் மூன்று மூன்று இடங்களில் அளந்து, வருவதில் குறைந்ததை எடுத்து, அதிலும் நீள்வதற்கான இடைவெளியைக் கழித்துக்கொள்ளுங்கள்.