அலையடங்கிய கடலும் தாகமெடுத்த நாயும்

இரு பக்கமும் பாறைகள் அணைத்து நிற்க, நடுவே அலை அடங்கிக் கிடக்கும் சிறிய கடற்குடாவுக்குத் தாமும் நீந்தி, நாயையும் உலாத்திவரச் செல்பவர்கள், நாய் மூழ்கிவிடக் கூடாது என்பதில் மட்டுமே கவனமாக இருக்கிறார்கள். கால்நடை மருத்துவராக நான் பார்த்தவரையில், கடற்கரையிலிருந்து என்னிடம் வரும் நாய்களில் மூழ்கியவை அரிது. கடல்நீரைக் குடித்தவையே அதிகம்.

நாய் அதை விரும்பிக் குடிப்பதில்லை. நீரில் மிதக்கும் பந்தைக் கவ்வ வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது நீர் உள்ளே போய்விடுகிறது. அலை பெரிதாக இருந்தால் நாலைந்து எறிதலிலேயே நாய் களைத்துக் கரையேறிவிடும்; அமைதியான குடாவிலோ ஐம்பது முறை எறிந்தாலும் அது சளைக்காமல் ஓடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. குடலில் சேரும் அந்த உப்பு உடலின் நீரைத் தன் பக்கம் இழுப்பதால் முதலில் வயிற்றுப்போக்கு வரும். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்காதபோது இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளையின் உயிரணுக்கள் நீரிழந்து சுருங்குகின்றன. தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று நிலை மோசமாகிறது.

ஒரு மாலை இப்படி வந்த லாப்ரடார் மேசையில் படுத்திருந்தபோது, அதன் மேலுதட்டின் ஓரம் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. "காலையிலிருந்து விளையாடியது டாக்டர், அசதிதான்" என்றார் அழைத்து வந்தவர். ஏறிய சோடியத்தை அவசரமாக இறக்கினால் மூளை வீங்கிவிடும் என்பதால், சொட்டுச் சொட்டாகத் திரவம் ஏற்றிச் சரிசெய்ய இரண்டு நாளாயிற்று. தள்ளாடும் நாய்க்கு வீட்டிலேயே குடம் குடமாகத் தண்ணீர் புகட்ட வேண்டாம் என்று நான் மன்றாடுவதும் இதனால்தான்.

தடுப்பது எளிது. கால் மணிக்கொரு முறை விளையாட்டை நிறுத்தி, நிழலில் நல்ல தண்ணீர் கொடுங்கள்; உருண்டைப் பந்தைவிட, வாயை அகலத் திறக்காமல் கவ்வக்கூடிய தட்டையான மிதவைப் பொம்மை மேல்.

பாறை இடுக்குகளில் தூண்டில்காரர்கள் விட்டுச்சென்ற முள்ளும், அதைக் கட்டும் இழையான நரம்பும் இரைவாசத்தோடு கிடக்கும். வாயிலிருந்து நரம்பு தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், ஒட்ட வெட்டவும் வேண்டாம். முள் எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த நரம்புதான் எங்களுக்கு வழிகாட்டி. கரையில் ஒதுங்கிக் கிடக்கும், உடலை ஊதிப் பெருக்கும் பேத்தை மீன் செத்துக் காய்ந்த பிறகும் நஞ்சுதான்.

ஓதம் ஏறினால் குடாவின் மணல்திட்டு பாறையடி வரை மறைந்து திரும்பும் வழி அடைபடக்கூடும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் உயரும் என்பதால், ஓதம் வற்றும் நேரமாகப் பார்த்துச் செல்லுங்கள். நாய் சற்றுத் தொலைவு போய்விட்டதென்று பின்னாலேயே குதிக்காதீர்கள்; நாய் தானாகக் கரையேறிவிட, குதித்தவர் சிக்கிக்கொள்வதே வழக்கம்.

வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவி, காதைத் துடையுங்கள். நாயின் காதுக்குழாய் வளைந்திருப்பதால் உள்ளே போன நீர் எளிதில் வடியாது. அன்றிரவு வாந்தியோ தள்ளாட்டமோ கண்டு மருத்துவரை அழைத்தால், எத்தனை மணி நேரம் நீரில் விளையாடியது, இடையில் நல்ல தண்ணீர் குடித்ததா என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.