அந்த மென்பொருளை நடத்துவது யார்?

நாகர்கோவிலில் டிரஸ்டுகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்குத் தணிக்கை செய்வது என் தொழில். குலசேகரம் பக்கம் ரப்பர் விவசாயிகள் சங்கம் ஒன்றில் ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எழுத்தர் தயங்கிக் கேட்டார்: "சாரே, எல்லாக் கணக்கும் லிப்ரே ஆபீசிலதான் கெடக்கு. சும்மா தாறாங்க. நாளைக்கு நிறுத்தியாச்சுண்ணா என்ன செய்ய?"

நியாயமான பயம். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் இலவச மென்பொருள்தான் லிப்ரே ஆபீஸ். எந்த டிரஸ்ட் வந்தாலும் நான் முதலில் பத்திரத்தைத்தான் புரட்டுவேன். சொத்து யார் பேரில், நோக்கம் என்ன, கையெழுத்துப் போடுகிறவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்று பார்ப்பேன். லிப்ரே ஆபீசை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையையும் அப்படிப் பார்த்துவிடலாம்.

லிப்ரே ஆபீசுக்கு முன்னோடி ஓப்பன் ஆபீஸ். அதை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் என்ற கம்பெனி வாங்கியது. இனி என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டவர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் நிரலோடு வெளியே வந்தார்கள். நிரலை எடுக்க உரிமம் இடம் கொடுத்தது. பழைய பேர் கிடைக்கவில்லை, லிப்ரே ஆபீஸ் என்று புதுப் பேர் வைத்தார்கள். அறக்கட்டளைக்கு மூலதனமாக 50,000 யூரோ வேண்டும் என்று 2011 பிப்ரவரியில் கேட்டதும் எட்டே நாளில் நன்கொடையாக வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மன் சட்டப்படி பெர்லினில் பதிவானது.

இயக்குநர் குழுவில் ஏழு பேர். இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல். பணம் கொடுத்தால் ஓட்டு வராது, உழைத்தால்தான் வரும். நிரல் எழுதியவர், பிழை சோதித்தவர், மொழிபெயர்த்தவர் எல்லோரும் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம், சந்தா கிடையாது. தமிழ் இடைமுகத்துக்கு உழைத்தவர் தக்கலையில் இருந்துகொண்டே ஓட்டுப் போட முடியும். அப்புறம் ஒரு விதி: ஒரே கம்பெனி ஆட்கள் குழுவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட முடியாது. இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணன், தம்பி, மைத்துனர் என்று ஒரே குடும்பம் நிறைந்த டிரஸ்ட் பத்திரங்கள் என் அலமாரியில் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றிலாவது இப்படி ஒரு வரி இருந்திருந்தால் சில சண்டைகள் கோர்ட்டுக்குப் போயிருக்காது.

லிப்ரே ஆபீஸ் என்ற பேர் அறக்கட்டளையின் சொத்து. நிரலின் பதிப்புரிமையோ அதை எழுதியவர்களிடமே இருக்கிறது. அறக்கட்டளையே மூடிப்போனாலும் வேறு யாரும் எடுத்து நடத்தலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. நன்கொடைப் பணம் சர்வர்களுக்கும் சிறு ஊழியர் குழுவுக்கும் மாநாட்டுக்கும் டெண்டர் விட்டுச் செய்யும் வேலைகளுக்கும் போகிறது. (நீங்கள் கொடுத்தால் இந்திய வருமான வரியில் நன்கொடைச் சலுகை கிடைக்காது. கேட்பவர்கள் அதிகம், அதனால் சொல்கிறேன்.)

எல்லா இலவச மென்பொருளுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரே ஆளை, ஒரே கம்பெனியை நம்பி ஓடுபவை நிறைய. பத்து வருடக் கணக்கை ஏற்றும் முன் பேர், பணம், ஓட்டு மூன்றும் யார் கையில் என்று பாருங்கள்.

எழுத்தரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, கோப்புகளை லிப்ரே ஆபீசின் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிஎஃப்பிலேயே சேமிக்கச் சொன்னேன். 2006 முதல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பு ஏற்ற தரம், வேறு மென்பொருளிலும் திறக்கும். அவர் மேசை டைரியை இழுத்து, "ஏழு பேர், மூணில் ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார். தலைவர் கேட்டால் சொல்ல வேண்டுமாம்.