தண்ணீர் இல்லாத ஊரில் டெங்கு எப்படி?

டெங்கு என்றாலே மழை, குட்டை, சாக்கடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக இருக்கும் எனக்கு, கொளுத்தும் கோடையிலும் வீட்டுக்குள்ளேயே கொசுப்புழு கிடைக்கிறது. காரணம் தண்ணீர்த் தட்டுப்பாடு.

இங்கே போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. பெரிய நிம்மதிதான். ஆனால் மேட்டுத் தெருக்களுக்கும் கடைக்கோடி ஊர்களுக்கும் தினமும் தண்ணீர் ஏறுவதில்லை. வரும் நாளில் டிரம், அண்டா, பெயின்ட் பக்கெட் என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைக்கிறார்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்தச் சுத்தமான தண்ணீரே போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரச் சுவரில் முட்டையிடும். கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள்; டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மட்டம் இறங்கினால் முட்டை காய்ந்து கிடக்கும், சாகாது, மாதக்கணக்கில் தாங்கும். அடுத்த முறை குழாய் திறந்து டிரம் நிரம்பும்போது நனைந்து பொரியும். வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். விட்டு விட்டு வரும் தண்ணீர்தான் இதற்குத் தோது.

பென்னாகரம் பக்கம் ஒரு பாட்டி கேட்டார்: "கொட்டச் சொல்றியே சாமி, அடுத்த தண்ணி என்னிக்கு வரும்னு சொல்லிட்டுப் போ." நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட வீட்டுக்கு அபராதம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் பண்டிகைக்குக் காய்ச்சலோடு திரும்பினால், மிச்சத்தை இந்தக் கொசுக்கள் பார்த்துக்கொள்ளும். ஏடிஸ் கடிப்பது பகலில். காய்ச்சல்காரர் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியோ விடாத வாந்தியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஆபத்தான கட்டமே அதுதான்.

புகை அடித்தால்தான் நாங்கள் வேலை செய்ததாக ஊரில் நம்புகிறார்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம் சுவரில் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

எனவே தண்ணீர் விடும் நாளைப் பஞ்சாயத்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கு முந்தின நாள், டிரம்மில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். கழுவி விட்டால் போதாது, முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். அடித்தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள்; புழு செத்துவிடும். நிரப்பியதும் பழைய வேட்டியால் வாயை இறுக்கிக் கட்டுங்கள். துணி தண்ணீரைத் தொடாமல் இருக்கட்டும்.