எலியின் கண்ணில் வடியும் சிவப்பு

முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. காலையில் கூண்டின் மேல் போட்டிருந்த துணியை விலக்கினால் எங்கள் வெள்ளை எலி முத்து ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது, மூக்குத் துளைகளைச் சுற்றிச் செம்பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது, இடது கண்ணின் ஓரத்தில் ஈரமாக ஒரு சிவப்புக் கோடு. ராத்திரி கூட இருக்கிற எலியோடு சண்டை போட்டுக் கடி வாங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தால் காயமே இல்லை. பஞ்சில் மட்டும் குங்குமத்தைக் கரைத்த மாதிரி ஒரு கறை.

எலி வளர்க்கிற எவருக்கும் இப்படி ஒரு காலை வரலாம். அந்தச் சிவப்பு ரத்தம் இல்லை. அதன் பெயர் போர்ஃபிரின்.

எலியின் கண் விழிக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. 1694-இல் யோஹான் யாக்கோப் ஹார்டர் என்ற சுவிஸ் உடற்கூற்றியலாளர் மான்களில் இப்படி ஒரு சுரப்பியை விவரித்ததால் ஹார்டேரியன் சுரப்பி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வளர்ந்த மனிதர்களுக்கு இது கிடையாது, அதனால்தான் நமக்கு இது புரிவதில்லை. எலிக்கு அது கண்ணை வறளாமல் வைத்திருக்கும் எண்ணெய்ப் பசையைச் சுரக்கிறது, அந்தப் பசையோடு போர்ஃபிரினும் கலந்து வருகிறது. கண்ணில் மிஞ்சுவது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கிவிடும். கண்ணிலும் மூக்கிலும் ஒரே நிறம் தெரிவது இதனால்தான்.

சரி, ஏன் ரத்தம் மாதிரியே இருக்கிறது? ரத்தத்துக்கு அது பங்காளி முறை. நான்கு சிறு வளையங்கள் கைகோத்து நிற்கிற ஒரு பெரிய வளையம்தான் போர்ஃபிரின். நடுவில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்தால் அது ஹீம், ஹீமோகுளோபினுக்குச் சிவப்பு தருவது அதுதான். இலையின் பச்சையம்கூட இதே குடும்பம், அங்கே நடுவில் மெக்னீசியம். எலியின் சுரப்பியில் வளையம் உருவாகிறது, இரும்பு ஏறுவது மிகக் குறைவு, அதனால் வெறும் வளையமாகவே சேர்ந்து வெளியே வருகிறது.

இரும்பு இல்லாததால் அதற்கு இன்னொரு குணம்: புறஊதா ஒளி பட்டால் இளஞ்சிவப்பாக ஒளிரும். கள்ளநோட்டு பார்க்கிற சின்ன டார்ச் கடைகளில் கிடைக்கிறதே, அது போதும். கறை பட்ட பஞ்சை இருட்டில் வைத்து அடித்தேன், தணல் மாதிரி மினுங்கியது. ரத்தமாக இருந்தால் கறுப்பாக அப்படியே கிடந்திருக்கும். பஞ்சின் மேல் மட்டும் அடித்துப் பாருங்கள், எலியின் முகத்தில் அடிக்க வேண்டாம், அதிலும் வெள்ளை எலிக்குக் கண்ணில் நிறமி இல்லாததால் ஒளி ரொம்பவே உறுத்தும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நலமாக இருக்கிற எலிக்கும் இது நாள் முழுக்கச் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. நமக்குத் தெரியாததற்குக் காரணம், எலி சதா முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பதுதான், முன்கால்களை நக்கி மூக்கிலிருந்து காதுவரை தேய்த்து வழித்துவிடும். தூங்கி எழுந்ததும் கண்ணோரம் ஒரு துளி சிவப்பு இருந்து, பத்து நிமிடத்தில் அது தானே துடைத்துக்கொண்டால் கவலையே வேண்டாம். எலிக்கு வலியோ பயமோ நோயோ வந்தால் இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது: சுரப்பிக்குப் போகும் நரம்புகள் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிட, சுரப்பி பிழியப்பட்டு அதிகமாக வடிகிறது, அதே நேரம் சோர்ந்துபோன எலி முகம் கழுவுவதையும் விட்டுவிடுகிறது. வரவு கூடி, துடைப்பதும் நின்றுபோனால் பொறுக்கு கட்டத்தானே செய்யும்? ஆய்வுக்கூடங்களிலும் இந்தக் கறையை எலியின் அவதிக்கு அடையாளமாகக் கவனிக்கிறார்கள். முன்கால் மணிக்கட்டின் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், அங்கே ரோமம் துருப்பிடித்த மாதிரி இருந்தால் எலி கொஞ்ச நாளாகவே இதைத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு எலிகளில் முகத்துக் கறை எளிதில் கண்ணில் படாது, துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

காரணங்கள் நிறைய. கூண்டு மாற்றியது, கூட இருந்த எலி செத்துப்போனது, தூசி, பைன் மரத்தூள், எல்லாமே கிளப்பிவிடும். மூத்திரம் ஊறிய தரையிலிருந்து எழும் அம்மோனியா இன்னும் மோசம், எலியின் மூக்கு எந்நேரமும் தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு கண்ணில் மட்டும் விடாமல் வடிந்தால் அந்தப் பக்கத்துப் பல் வேரைப் பார்க்கச் சொல்லுங்கள், வீங்கிய வேர் கண்ணீர்க் குழாயை நெருக்கும். கழுத்தும் சேர்ந்து வீங்கி, ஒரு எலியிலிருந்து அடுத்ததற்கு மளமளவென்று பரவினால் அது எலிகளுக்கு வரும் ஒருவகைக் கொரோனா வைரஸாக இருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பியையும் இந்தச் சுரப்பியையும் தாக்குவது அது.

ஆனால் நான் பயப்படுவது மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற நுண்ணுயிருக்குத்தான். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் மூச்சுப்பாதையில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும், அம்மோனியாவோ வேறு தொற்றோ வந்தால் நுரையீரலுக்கு இறங்கும். அதற்குச் செல்சுவரே கிடையாது. பென்சிலின் வகை மருந்துகள் குறிவைப்பது அந்தச் சுவரைத்தான், அதனால் வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதில் பலன் இல்லை, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எலி இயல்பாக மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. சிவப்போடு கூட மூச்சில் கிளிக் கிளிக் என்று சத்தம், விலா உள்வாங்குவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முத்துவை நான் காதருகே தூக்கி வைத்துக் கேட்டபோது சன்னமாக அந்தக் கிளிக் சத்தம் வந்தது. கிளம்புவதற்கு முன் போனில் ஒரு நிமிடம் அதைப் பதிவு செய்துகொண்டேன். புது இடத்தில், மருத்துவர் மேசையில், பயத்தில் விறைத்து நிற்கிற எலி வீட்டில் போட்ட சத்தத்தை அங்கே போடாது.